புக்கெட் - மாயா பே ஒரு நாள் டூர்: வயதான அப்பா அம்மாவோடு போகலாமா?

மலைக்கோட்டை | நவம்பர் 18, இரவு 9:40

பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக் குடும்பமாகத் தாய்லாந்து போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகன், அப்பா (67), அம்மா (62). புக்கெட்டில் பத்தோங் பக்கம் நான்கு இரவுக்கு அறை போட்டாயிற்று. அதில் ஒரு நாளை பீபீ தீவுகளுக்கும் அங்கே உள்ள மாயா பே விரிகுடாவுக்கும் ஒதுக்கலாம் என்று எண்ணம்.

ஏஜெண்ட் சொல்வது இது: காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் வேன், அங்கிருந்து படகுத்துறை, ஸ்பீட் போட், மாலை ஐந்தரைக்குள் திரும்ப ஹோட்டல். மாயா பே, பிலே லகூன், வைக்கிங் குகை, குரங்குக் கடற்கரை, பீபீ டோன் என்ற பெரிய தீவில் மதியச் சாப்பாடு, கடைசியாக மூங்கில் தீவு. தண்ணீர், பழம், ஸ்நார்க்கலிங் கண்ணாடி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,700 பாட்.

படத்தைப் பார்த்தால் போகத்தான் தோன்றுகிறது. ஆனால் அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம். அப்பா காவிரியில் குதித்து வளர்ந்தவர், கடலில் கால் நனைத்ததோடு சரி. பையனுக்குக் கொடைக்கானல் ரோட்டிலேயே வாந்தி வரும். இந்தப் படையைக் கூட்டிக்கொண்டு ஸ்பீட் போட்டில் ஏறலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலாங்கரைவாசி | நவம்பர் 18, இரவு 10:15

போகாதீர்கள். போன வருடம் போனேன். மாயா பேவில் நீந்தலாம் என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி நீச்சல் உடை எல்லாம் எடுத்துப் போனோம். அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் விசில் ஊதுகிறார்கள். மணலில் தி.நகர் ரங்கநாதன் தெருக் கூட்டம். எல்லோரும் ஒரே பாறையை ஒரே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் கைடு கொடியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டு விட்டார். ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காசுக்கு ஹோட்டல் நீச்சல் குளத்தில் நிம்மதியாகக் கிடந்திருக்கலாம்.

புக்கிட்_பாத்தோக் | நவம்பர் 19, காலை 7:05

நீலாங்கரை அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் அது ஏஜெண்ட் மேல் வரவேண்டிய கோபம், விரிகுடா மேல் இல்லை. நான் சிங்கப்பூரில் இருந்து மூன்று தடவை போயிருக்கிறேன், பழைய கதையையும் பார்த்தவன்.

முதல் தடவை 2016-ல். அப்போது படகுகள் நேரே விரிகுடாவுக்குள் வந்து மணலில் மூக்கை முட்டி நிற்கும். ஒரு நாளைக்கு இருநூறு படகு, ஐயாயிரம் பேர் வரை. தண்ணீரில் டீசல் வாடை. நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறை நொறுங்கிக் கிடந்தது. டிகாப்ரியோ நடித்து 2000-ல் வந்த 'தி பீச்' படத்துக்குப் பிறகுதான் இந்தக் கூட்டம். படப்பிடிப்பின்போதே மணல் மேட்டைச் சமன் செய்து தென்னை நட்டார்கள், அதற்கு வழக்கும் பல வருடம் நடந்தது.

2018 ஜூனில் நான்கு மாதம் என்று சொல்லி மூடினார்கள். நான்கு மாதம் மூன்றரை வருடமாகி, 2022 ஜனவரி 1-ம் தேதிதான் திறந்தது. இடையில் ஆயிரக்கணக்கில் பவளத் துண்டுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். திறந்தபோது புது விதிகள். விரிகுடாவுக்குள் படகு வரக் கூடாது. தீவின் பின்பக்கம் லோ சமா என்ற சின்ன வளைவில் மிதக்கும் துறை கட்டியிருக்கிறார்கள், அங்கே இறங்கி மரப்பாதையில் நடந்து இந்தப் பக்கம் வரவேண்டும். ஒரு மணி நேரச் சுற்றுக்கு 375 பேர் என்று கணக்கு வைத்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் விரிகுடாவுக்கு லீவு.

நீந்தக் கூடாது என்பது இதன் தொடர்ச்சிதான். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. விசில் உங்களைப் பாதுகாக்க ஊதவில்லை, சுறாவைப் பாதுகாக்க ஊதுகிறார்கள்.

மலைக்கோட்டை | நவம்பர் 19, காலை 8:30

சுறாவா? இந்த இழையை அம்மா கண்ணில் காட்டவே மாட்டேன்.

தரைதட்டியவன் | நவம்பர் 19, காலை 11:20

பயப்படாதீர்கள் மலைக்கோட்டை. துடுப்பின் நுனி மையில் தோய்த்த மாதிரி கறுப்பாக இருக்கும் சுறா அது. நன்றாக வளர்ந்தால் ஒன்றரை மீட்டர், நம் கிராமத்து வாசல் திண்ணை நீளம்கூட வராது. மாயா பேவின் ஆழமில்லாத நீர் அதற்குப் பிள்ளை வளர்க்கும் இடம். குட்டிகள் முழங்கை நீளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஓரமாகச் சுற்றும். மனிதக் காலைக் கண்டால் விலகிப் போகும். நம் ஊரில் புட்டு செய்து சாப்பிடுகிறோமே, அந்தச் சொந்தம்தான். பயப்பட வேண்டியது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காலையில் போனால் பார்க்க அதிக வாய்ப்பு. கூட்டம் ஏற ஏற ஆழத்துக்கு நகர்ந்துவிடும். கடற்கரையின் நடுவில் நிற்காமல் ஓரமாகப் போய், ஆடாமல் அசையாமல் ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். முதலில் நிழல் தெரியும், அப்புறம் அந்தக் கறுப்பு நுனி. பெரும்பாலானவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பி விடுவதால் காலடியில் போனதைக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, சன்ஸ்கிரீன். 2021-லிருந்து தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகும். பவளத்தின் வளர்ச்சியைக் கெடுப்பவை அவை. டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். அதைவிட முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எளிது.

மண்டபத்தான் | நவம்பர் 19, பகல் 1:45

கடல் பற்றி நான் சொல்கிறேன். பிழைப்பே அதுதான்.

ஜனவரி என்றால் கவலை வேண்டாம். நம் பக்கத்தில் வாடை அடிக்கும் மாதங்களில் கடல் முறுக்கிக்கொண்டு நிற்கும், வலை போட முடியாது. அதே காற்று அவர்களுக்கு நிலத்தைத் தாண்டி முதுகுப் பக்கமாக வருகிறது. அதனால் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்தமான் கடலில் அவர்கள் கரை தட்டாகக் கிடக்கும். மே முதல் அக்டோபர் வரை கச்சான் காலம், தென்மேற்குப் பருவம் நேராக முகத்தில் அடிக்கும். அப்போதும் டூர் விற்பார்கள், விலையும் குறையும். வாங்காதீர்கள். 2018 ஜூலை 5-ம் தேதி புக்கெட் அருகே சுற்றுலாப் படகு புயலில் கவிழ்ந்து 47 பேர் போனார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலுக்குப் போன படகு.

ஜனவரியிலும் ஸ்பீட் போட் ஸ்பீட் போட்தான். புக்கெட்டிலிருந்து பீபீ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் உட்காராதீர்கள். இளவட்டங்கள் காற்று வாங்க ஓடிப் போய் உட்காருவார்கள், அலை ஏறி இறங்கும்போது இடுப்பு எலும்பு கணக்குக் கேட்கும். பின்பக்கம் என்ஜினுக்குச் சற்று முன்னால்தான் ஆட்டம் குறைவு. புகை வாடை கொஞ்சம் வரும், பரவாயில்லை. முதலில் ஏறினால்தான் அந்த இடம் கிடைக்கும், ஆகவே துறையில் இலவச பிஸ்கட் வரிசையில் நிற்காமல் படகு வரிசையில் நில்லுங்கள்.

பையனுக்கு வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். காலையில் வெறும் வயிறும் ஆகாது, நெய்ப்பொங்கலும் ஆகாது. அவன் கண் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம்.

கர்ப்பிணிகளையும் முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவர்களையும் ஏற்ற மாட்டார்கள். முட்டிவலிக்குத் தடை இல்லை.

வேப்பமரத்தடி | நவம்பர் 19, மாலை 4:10

முட்டிவலி பற்றி நான். மாமியாரைக் கூட்டிப் போய் வந்தேன், அவருக்கு 65.

லோ சமா துறையில் இறங்குவதுதான் கஷ்டம். துறையும் மிதக்கிறது, படகும் மிதக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் மேலே வருகிற தருணம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். படகுப் பையன்கள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் படி, அதற்குப் பிறகு மரப்பாதை சமதளம். காட்டு நிழலில் மெதுவாக நடந்தாலே விரிகுடா வந்துவிடும்.

உண்மையான சிக்கல் மூங்கில் தீவு மாதிரி துறை இல்லாத இடங்களில். படகின் பின்பக்க ஏணியில் திரும்பி நின்று, தொடை அளவுத் தண்ணீரில் இறங்கி, நடந்து கரையேற வேண்டும். மாமியார் அங்கே இறங்கவில்லை. படகிலேயே உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதுதான் அந்த நாளிலேயே நிம்மதியான நேரம் என்கிறார்.

அம்மாவுக்குச் சேலை வேண்டாம், தயவு செய்து. காட்டன் சுடிதாரும் வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய பாலியஸ்டர் சுடிதார், அல்லது டிராக் பேண்ட். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பீபீ டோனில் காசு கொடுத்தால் கழிவறையில் மாற்றிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் கழிவறையை எதிர்பார்க்காதீர்கள், துறையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். பெண்கள் இதைப் பொதுவில் எழுதுவதில்லை, ஆனால் நாள் முழுக்க என் மண்டையில் ஓடியது இதுதான்.

சைவப்பட்சி | நவம்பர் 19, மாலை 6:00

சாப்பாடு! ஏஜெண்ட் 'வெஜ் உண்டு சார்' என்பார். பஃபேயில் பொரித்த கோழிக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிப் பொரியல் இருக்கும், அதுதான் அவர் சொன்ன வெஜ். அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், 'நாம் ப்ளா' என்று பெயர். இல்லாவிட்டால் சிப்பிச் சாறு. அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அசைவம் என்ற நினைப்பே வராது.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. 'கின் ஜே' என்றால் ஜே சாப்பிடுகிறேன் என்று பொருள். இறைச்சி, மீன், முட்டை, பால், மீன் சாறு எதுவும் இருக்காது. பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது, நம் ஏகாதசிக் கணக்கையும் தாண்டிவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் எல்லாம் ஜே கடைகள். புக்கெட்டில் ஆண்டுதோறும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவே நடக்கும், அங்கே குடியேறிய சீனர்கள் கொண்டுவந்தது. நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். நம் பழனி பங்குனி உத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் டூர் பஃபேயில் ஜே கிடைக்காது. வெறும் சோறு, தர்பூசணி, அன்னாசி கிடைக்கும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் கொண்டு போங்கள். பஃபே சோற்றில் பிசைந்தால் புளியோதரை. நான்கு நாட்களுக்கும் அதுவே கைகொடுக்கும்.

ஊர்சுற்றி | நவம்பர் 19, இரவு 9:25

எல்லோரும் டூர் டூர் என்கிறீர்கள். பீபீ டோனில் ஒரு இரவு தங்கினால் இந்தப் பாடே இல்லையே? புக்கெட் ரசாடா துறையில் பெரிய கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பீபீ டோன். ஆட்டம் குறைவு, எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு. அந்தத் தீவில் காரே கிடையாது, சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டு போவார்கள். மறுநாள் விடியற்காலை டோன்சாய் துறையில் ஒரு லாங்டெயில் படகைப் பேசிக்கொண்டு முதல் ஆளாக மாயா பே போய் இறங்கலாம். புக்கெட்டிலிருந்தும் கிராபியிலிருந்தும் கூட்டம் வந்து சேரும்போது நீங்கள் திரும்பி வந்து காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் முஸ்லிம்கள், ஹலால் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை.

ஒரு விஷயம். அந்தத் தீவில் டோன்சாய், லோ டாலம் என்ற இரண்டு வளைவுகளுக்கும் இடையில் நிலம் ஒரு கயிறு மாதிரிதான் இருக்கிறது. 2004 சுனாமியில் இரண்டு பக்கமும் அலை ஏறி அந்த ஊரைத் துடைத்துப் போட்டது. இப்போது அங்கே கடைகளுக்கு நடுவே சுனாமி வெளியேறும் வழி என்று பலகைகள் இருக்கும். அம்புக்குறியை ஒரு தடவை கண்ணால் பின்தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீலாங்கரைவாசி | நவம்பர் 19, இரவு 9:50

ஊர்சுற்றி சொல்வதுதான் சரி. டூர் என்றாலே மந்தைதான்.

புக்கிட்_பாத்தோக் | நவம்பர் 19, இரவு 10:30

இருவரும் ஒன்றை மறக்கிறீர்கள். அவர் கூட்டிப் போவது முட்டிவலி அம்மாவையும் எட்டு வயதுப் பையனையும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் மாறி, விடியற்காலை நாலரைக்கு எழுந்து, துறையில் படகுக்காரரிடம் பேரம் பேசி, லாங்டெயிலின் லாரி என்ஜின் சத்தத்தில் உட்கார்ந்து போவது உங்களுக்கும் எனக்கும் சாகசம். அவர்களுக்கு அது தண்டனை. ஹோட்டல் வாசலில் வேன் வந்து நிற்பதற்குத்தான் காசு. மந்தையில் ஒரு வசதி உண்டு, வழி தவறாது.

கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாயா பேவில் இறங்குகிறோமா, அல்லது வெளியே படகிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோமா? இறங்காமல் காட்டிவிட்டுப் போகிற மலிவு டூர்களும் உண்டு. தேசியப் பூங்காக் கட்டணம் சேர்ந்ததா? வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400, குழந்தை 200 பாட். படகில் மொத்தம் எத்தனை பேர்? முதலில் மாயா பேவா, கடைசியிலா?

பானையோடு | நவம்பர் 20, காலை 6:40

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், நிர்வாகிகள் மன்னிக்கவும். இந்தத் தீவுகள் கிராபி மாகாணத்தில் வருகின்றன. அதே மாகாணத்தில் குளோங் தோம் என்ற ஊரில், கோயிலை ஒட்டிய சின்ன அருங்காட்சியகத்தில், கையில் அடங்கும் ஒரு கல் இருக்கிறது. பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். யாரோ ஒரு தமிழ்த் தட்டார் பட்டறைச் சாமானோடு அந்தக் கரையில் இறங்கியிருக்கிறார். கல் தொலைந்துவிடக் கூடாதே என்று பெயரை வெட்டி வைத்திருக்கிறார், நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி. கொஞ்சம் வடக்கே தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. டூர் வேன் அங்கேயெல்லாம் போகாது. ஆனால் போட்டில் உட்கார்ந்து வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கும்போது, இதே கடலில் என்ஜின் இல்லாமல் வந்த அந்த ஆளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தான் | நவம்பர் 20, காலை 7:15

அவர் கச்சானில் வந்து வாடையில் திரும்பியிருப்பார். ஐந்தரை மணிக்கு ஹோட்டலில் விட வேண்டும் என்ற அவசரம் இல்லை.

மலைக்கோட்டை | ஜனவரி 21, இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். புக்கிட் சொன்ன கேள்விகளில் பூங்காக் கட்டணத்தைத் தவிர எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். அதை மட்டும் போனில் கேட்டேன், 'எல்லாம் இன்க்ளூடட் சார்' என்றார்கள். துறையில் பட்டியலைப் பார்த்த பெண் சிரித்த முகத்தோடு நான்கு பெரியவர், ஒரு குழந்தை, 1,800 பாட் என்றார். ஏஜெண்டுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. கட்டிவிட்டேன். என் தப்புதான், எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். நாள் முழுக்க வெறுங்கால்தான். அம்மாவுக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி இருந்ததாம். படகில் நாங்கள் உட்பட 34 பேர். மண்டபத்தான் அண்ணன் பேச்சைக் கேட்டு முதலில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தோம். முன்னால் ஓடிய நான்கு பையன்கள் பாதி வழியில் முகம் வெளுத்துப் பின்னால் வந்து நின்றார்கள். என் பையன் வாந்தி எடுக்கவில்லை. மனைவி எடுத்தாள். அவளுக்கு மாத்திரை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

கைடுக்கு நாற்பது வயது இருக்கும், தமாஷான ஆள். அங்கே பெரியவர்களை பாபா, மாமா என்று கூப்பிடுகிறார்கள், அப்பா அம்மா என்ற பொருளில். அவர் 'மாமா, ஸ்லோ ஸ்லோ' என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் அப்பா திரும்பி 'என்ன தம்பி?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு படகில் இருந்த மதுரைக் குடும்பம் ஒன்று விழுந்து விழுந்து சிரித்தது.

லோ சமாவில் வேப்பமரத்தடி அக்கா சொன்ன மாதிரியே ஆயிற்று. துறை ஒரு பக்கம் ஏற, படகு ஒரு பக்கம் இறங்க, அம்மா 'முருகா' என்று கண்ணை மூடிக்கொண்டார், மறு நொடி இரண்டு பையன்கள் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். அதற்கு முன் எங்கள் படகு வரிசையில் இருபது நிமிடம் நின்றது. கைடு சொன்ன ஐம்பது நிமிடம், கடற்கரையில் எங்களுக்கு முப்பத்தைந்தாகச் சுருங்கிவிட்டது.

மரப்பாதை முடியும் இடத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி, அதில் திடீரென்று அந்த நீலம். மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. மணல் மாவு மாதிரி காலில் ஒட்டுகிறது. கூட்டம் இருந்தது. நீலாங்கரை சார் சொன்ன ரங்கநாதன் தெரு இல்லை, மெரினாவில் வார நாள் சாயங்காலம் என்று சொல்லலாம். படகு ஒன்றுகூட இல்லாததால் தண்ணீர் முழுக்கத் தெரிகிறது. 2016-ல் இதே இடத்தில் டீசல் வாடை அடித்தது என்றால் நம்ப முடியவில்லை.

சுறா பற்றி அம்மாவிடம் சொல்லவே இல்லை. அப்பாவிடம் மட்டும் ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், படித்துறையில் தூண்டில் போடுகிறவர் மாதிரி அசையாமல் நின்றார். பையனும் பக்கத்தில். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. கைடு கொடியைத் தூக்கிவிட்டார். நான் கிளம்பலாம் என்று வாயைத் திறக்கும்போது பையன் 'தாத்தா' என்று மெதுவாகச் சொன்னான். மூன்று குட்டிகள். அப்பாவின் நிழலுக்குள் ஒன்று நுழைந்து, அப்படியே நின்று, திரும்பிப் போனது. படம் எடுக்கவில்லை. போன் பையில் இருந்தது, எடுக்கக் கை போகவில்லை.

பிலே லகூன் அதற்கு அடுத்தது. பாறைகளுக்கு நடுவே பச்சைக் கிணறு மாதிரி, அங்கே குதிக்க விட்டார்கள். அப்பா லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று பெரிய சண்டை. 'எனக்கா, காவிரியில் வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டவனுக்கா?' என்றார். போடாமல் விட மாட்டோம் என்றார்கள். போட்டுக்கொண்டு குதித்தவர் மூழ்கவே முடியவில்லையே என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் மல்லாந்து மிதந்து பாறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார், கூப்பிட்டால் காதில் விழவில்லை என்று நடித்தார்.

வைக்கிங் குகைக்குள் விடுவதில்லை, படகிலிருந்தே பார்த்தோம். உள்ளே கப்பல் ஓவியங்கள் இருக்கின்றனவாம், நம் கண்ணுக்குத் தெரிந்தது மூங்கில் சாரம் மட்டும். உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டை எடுக்க ஆட்கள் அதில் ஏறுகிறார்கள், சீன சூப்புக்கு. அம்மா கேட்ட ஒரே கேள்வி: 'அப்போ அந்தக் குருவி எங்கே போகும்?' கைடுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

குரங்குக் கடற்கரையில் இறங்கவில்லை. பக்கத்துப் படகில் ஒரு பெண்ணின் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தோம், போதும். கடித்தால் ஊசி போடும் அலைச்சல் வேறு.

சைவப்பட்சிக்குத் தனி நன்றி. பஃபேயில் வெறும் சோற்றை வாங்கிப் புளிக்காய்ச்சல் பிசைந்தோம். மதுரைக் குடும்பமும் தட்டை நீட்டியது. கைடும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மீன் சாறு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

மூங்கில் தீவில் அம்மா இறங்கவில்லை. தர்பூசணி.

நீலாங்கரைவாசி | ஜனவரி 21, இரவு 9:30

படித்தேன். சந்தோஷம். ஆனால் கணக்குப் பாருங்கள்: பத்து மணி நேரத்தில் மாயா பேவில் முப்பத்தைந்து நிமிடம். மீதி எல்லாம் வரிசை, வேன், என்ஜின் சத்தம். என் கருத்தில் மாற்றம் இல்லை. சுறாவை மட்டும் நான் பார்க்கவில்லை என்பது உண்மை. நடுவில்தான் நின்றேன்.

தரைதட்டியவன் | ஜனவரி 21, இரவு 9:45

ஓரமாகப் போயிருக்க வேண்டும் சார்.

வேப்பமரத்தடி | ஜனவரி 22, காலை 9:10

அம்மாவின் முட்டி மறுநாள் எப்படி இருந்தது? யாருமே கேட்கவில்லை.

மலைக்கோட்டை | ஜனவரி 22, காலை 10:05

மறுநாள் முழுக்கப் படுத்துவிட்டார் அக்கா. தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அறையிலேயே இருந்தோம். அதற்கென்று ஒரு நாளைக் காலியாக வைத்திருந்தது நல்லதாயிற்று. வயதானவர்களோடு போகிறவர்கள் டூருக்கு அடுத்த நாள் எதையும் போடாதீர்கள். அப்புறம் அப்பாவின் செருப்பு கூடையில் மாறிவிட்டது. இடது கால் அவருடையது, வலது கால் வேறு யாருடையதோ, ஒரு சைஸ் பெரிது. அதையே போட்டுக்கொண்டு திருச்சி வரை வந்தார்.

புதுவரவு_77 | ஏப்ரல் 2, பகல் 12:20

நல்ல இழை, நன்றி. ஆகஸ்டில் சுதந்திர தின லீவோடு சேர்த்து மாயா பே போகலாம் என்று இருக்கிறோம். டிக்கெட் மலிவாக இருக்கிறது. எப்படி இருக்கும்?

புக்கிட்_பாத்தோக் | ஏப்ரல் 2, பகல் 12:50

மூடியிருக்கும். மேலே எழுதியிருக்கிறேனே தம்பி, ஆகஸ்ட், செப்டம்பர் லீவு. டிக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

புதுவரவு_77 | ஏப்ரல் 2, பகல் 1:05

ஓ, கவனிக்கவில்லை. சரி, அப்படியென்றால் அக்டோபர் முதல் வாரம்?

மண்டபத்தான் | ஏப்ரல் 2, பகல் 2:30

விரிகுடா திறந்திருக்கும். கச்சான் இன்னும் போயிருக்காது. நானாக இருந்தால் படகை இறக்க மாட்டேன்.